அகவிலைப்படிக்கும் ஓர் உண்ணாவிரதம் வேண்டும்

அனுப்புநர்: கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரன், சோமனூர்.

பெறுநர்: கூலி, சம்பளம், அகவிலைப்படி விவகாரங்களைக் கவனிக்கும் உயரதிகாரிகள், சென்னை.

பொருள்: அரசு ஊழியர் அகவிலைப்படியைச் சோமனூர் முறைக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வேலை செய்யும் இடத்தில் நியாயம் வேண்டுமென்றால் மனிதருக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, நடைமுறையை மாற்றுங்கள் என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஐரிஸ் போனெட்டும் சிரி சிலாசியும் 2025இல் ‘மேக் வொர்க் ஃபேர்’ என்றொரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஓர் உதாரணம்: அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் 1970 வாக்கில் நூற்றுக்கு ஐந்து பெண்கள்கூட இல்லை. தேர்வில் வாசிப்பவருக்கும் நடுவருக்கும் நடுவே ஒரு திரையைக் கட்டினார்கள். பெண்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். நடுவருக்கு யாரும் நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் அகவிலைப்படி ஞாபகம்தான் வந்தது. விலைவாசிக் குறியீடு ஏறினால் ஜனவரிக்கு ஒருமுறை, ஜூலைக்கு ஒருமுறை அதுவும் ஏறுகிறது. யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

எங்கள் முறை வேறுங்க. வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். நாங்கள் காடாத்துணி நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் சோமனூர் ரகத் துணிக்கு 23, பல்லடம் ரகத் துணிக்கு 20 சதவீதக் கூலி உயர்வு என்று முடிவானது. கை தட்டினோம். கூலி மட்டும் பழைய கூலியாகவே வந்தது. 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினோம். 2025 மார்ச்சில் மறுபடி நிறுத்தி, ஒரு மாதம் பட்டினி கிடந்து, உண்ணாவிரதமும் இருந்து, ஏப்ரலில் 15 சதவீதத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இவ்வளவு உயர்ந்த முறையை நாங்கள் மட்டும் அனுபவிப்பது தர்மமல்ல. ஆகவே பணிவுடன் கோருவது:

1. அகவிலைப்படி இனித் தானாக ஏறக் கூடாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மனுக் கொடுத்துக் கேட்க வேண்டும். முதல் சில கூட்டங்களுக்கு எதிர்த்தரப்பு வராது. டீ மட்டும் வரும்.

2. உயர்வு முடிவானதும் போட்டோ எடுக்கப்படும். கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்தக் கருவூலத்தின் பிரியம். “மார்க்கெட் சரியில்லை, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று அவர்கள் சொல்லலாம்.

3. கோட்டை ரகம், தாலுகா ரகம் என்று ஊழியரைப் பிரித்து, ஆளுக்கொரு சதவீதம்.

4. எதிர்த்துக் கேட்பவருக்குக் கோப்பு கிடையாது. எங்களுக்குப் பாவு நிற்பதைப் போல.

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்பீர்கள். இங்கே நடக்கிறதுங்களே!

வியாபாரிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஒப்பந்தப்படி கொடுக்கிறவர், கொடுக்காத பக்கத்துக் கடைக்காரரோடு சந்தையில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவனுக்கு நட்டமும் மீறுகிறவனுக்கு லாபமும் வருகிற மாதிரி முறையைக் கட்டி வைத்துவிட்டு, பேச்சுவார்த்தையில் மனசாட்சியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தானாக ஏற்றும் வித்தை உங்களுக்குத் தெரியாததும் அல்ல. 2022இல் வந்த ஆணைப்படி மின்கட்டணத்தை விலைவாசிக் குறியீட்டோடு முடிந்து வைத்திருக்கிறீர்கள். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது. அதற்காக எந்த மின்கம்பமும் உண்ணாவிரதம் இருக்கவில்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் தருவதை மறக்கவில்லை, நன்றி. அந்தக் கரண்டில் ஓடுகிற தறிக்குக் கூலியும் வேண்டுமல்லவா?

அகவிலைப்படியைக் கெடுக்க மனசில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எங்கள் கூலியையும் அதே குறியீட்டோடு கட்டுங்கள். கொடுக்காதவரைக் கேட்கச் சட்டம் போடுங்கள். எங்களுக்கு ஏறும் அதே தேதியில், எங்கள் குடோனில் சம்பளத்துக்குத் தறி ஓட்டுகிறவருக்கும் ஊடை நூலைத் தாரில் சுற்றுகிற அம்மாவுக்கும் ஏற வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதுங்கள். எங்கள் மனசாட்சியையும் நம்ப வேண்டாம்.

இரண்டில் எது வசதி என்று அடுத்த ஒப்பந்தக் காலத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சோமனூர் ரகத்தைச் சேர்ந்த ஒருவன்