பத்திரத்துக்கு ஒரு விலை, பைக்கு ஒரு விலை

சென்னையில் வீடு வாங்கக் கிளம்பியவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "எவ்வளவுக்குக் கேட்கலாம்?" தரகரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது, எதிர்க்கேள்வி வரும்: "ஒயிட் எவ்வளவு சார், பிளாக் எவ்வளவு?" உங்களிடம் எத்தனை லட்சம் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். அது என்ன நிறம் என்பதே முதல் விசாரணை. மாதச் சம்பளக்காரரின் பணத்துக்கு ஒரே நிறம்தான். வரி பிடித்த பிறகே கைக்கு வரும். இந்தச் சந்தையில் அது ஒரு குறைபாடு.

விற்பவர் சொல்லும் விலை ஒன்று. "முடிச்சுத் தர்றேன்" என்று தரகர் சொல்வது ஒன்று. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதுவது ஒன்று. அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. வீடு மட்டும் ஒன்றே. அதில் ஒழுகும் குழாயும் ஒன்றே.

பக்கத்து வீடு போன வருடம் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாமே? தாராளமாக. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைத் திறந்து பாருங்கள். 'கைமாற்றுத் தொகை' என்று ஒரு கட்டம். 'சந்தை மதிப்பு' என்று ஒரு கட்டம். பெரும்பாலும் இரண்டிலும் வழிகாட்டி மதிப்பே இருக்கும். அந்தத் தெருவில் விற்றவர்கள் அத்தனை பேரும், சொல்லிவைத்தாற்போல, அரசு போட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஒரே தெருவில் இத்தனை தியாகிகள்! புகைப்படம், கைரேகை, ஆதார், இரண்டு சாட்சிகள், அரசு முத்திரை. இத்தனையும் வைத்துப் பதிவு செய்யப்பட்ட பொய் அது. உண்மை விலை தரகரின் வாயில் மட்டும் இருக்கிறது. அதை நம்பித்தான் நீங்கள் இருபது வருடக் கடனில் கையெழுத்துப் போட வேண்டும்.

அரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். மக்கள்மேல் கருணை. அதே கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். மறுபடியும் கருணை. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். 100 ரூபாய் மதிப்புக்கு முதலில் 8 ரூபாய் கட்டினோம். பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. பிறகு மறுபடி 100 ரூபாய்க்கு 9 ரூபாய். இரண்டு கருணைகளின் நிகர விளைவு, ஒரு ரூபாய் ஏற்றம். கட்சி மாறியது, கருணை மாறவில்லை. உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று 2023இல் மதிப்பை ஏற்றிய சுற்றறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜூலையில் புதிய மதிப்புகள் வந்தன. உண்மை விலையை எழுதுகிறவனுக்கு என்ன சலுகை என்று மட்டும் எந்த ஆட்சியும் வாய் திறக்கவில்லை.

எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? 1 கோடியே 20 லட்சம் சொல்கிறார் ஒருவர். வழிகாட்டி மதிப்புப்படி 70 லட்சம் என்று வையுங்கள். முழுவதையும் பத்திரத்தில் எழுதினால், ரிசர்வ் வங்கி வரம்புப்படி 75 சதவீதம், 90 லட்சம் வரை கடன் கிடைக்கலாம். கைப்பணம் 30 லட்சம், பதிவுச் செலவு 10 லட்சத்து 80 ஆயிரம். ஆக, ஏறக்குறைய 41 லட்சம். அவர் கேட்கிறபடி 70ஐ மட்டும் எழுதினால், 80 சதவீதம் கடன், 56 லட்சம். மிச்சம் 14, ரொக்கமாகப் பைக்குள் 50, பதிவுச் செலவு 6 லட்சத்து 30 ஆயிரம். ஆக, 70 லட்சத்துக்கு மேல். "பதிவுல நாலரை லட்சம் மிச்சம் சார்" என்பார் தரகர். அந்த நாலரையை மிச்சம் பிடிக்க நீங்கள் ஏறக்குறைய 30 லட்சம் கூடுதலாகப் புரட்ட வேண்டும். மனைவியின் நகை, மாமனாரின் வைப்புத்தொகை, வட்டிக்காரர்.

அதோடு முடிந்ததா? நாளை நீங்கள் விற்கும்போது காகிதத்தில் உங்கள் கொள்முதல் விலை 70தான். பையில் கொடுத்த 50 லட்சம் உங்கள் 'லாபம்' ஆகிவிடும். 12.5 சதவீத வரி, 6 லட்சத்து 25 ஆயிரம். அதைத் தவிர்க்க நீங்களும் அடுத்தவரிடம் பிளாக் கேட்பீர்கள். சாவியோடு சேர்ந்து வியாதியும் கைமாறும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு அபராதம். 2015 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. 2016 நவம்பரில் நோட்டே செல்லாது என்றார்கள். கறுப்புப் பணம் ஒழிகிறது என்று கைதட்டிக்கொண்டே ஏடிஎம் வாசலில் நின்றோம். 2,000 ரூபாய் நோட்டு வந்தது, பை சிறுத்தது. 2023இல் அதைத் திரும்பப் பெற்றார்கள், பை பெருத்தது. சொத்துச் சந்தையில் இந்த நாட்டின் நாணயக் கொள்கை சாதித்தது பையின் அளவை மாற்றியதுதான்.

உங்களிடம் மட்டும் சட்டம் கறாராக இருக்கும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் 1 சதவீதத்தைப் பிடித்து, விற்பவர் பெயரில் நீங்கள்தான் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். தாமதித்தால் வட்டியும் உங்கள் தலையில். சம்பளமில்லாத வரி வசூல் அதிகாரி வேலை.

வீட்டின் அளவிலும் இதே நாணயம்தான். 1,000 சதுர அடி என்பார்கள். உள்ளே டேப் பிடித்தால் 700 தேறும். மீதியில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று படகைக் கூப்பிட்ட பகுதியிலேயே, "இங்க தண்ணியே நிக்காது சார்" என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவரிடம் வாடகையை விசாரியுங்கள். மாதம் 28,000 என்றால் வருடத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். 1 கோடியே 20 லட்சத்துக்கு அது 2.8 சதவீதம். உங்கள் வீட்டுக்கடன் வட்டி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இடைவெளிக்கு விற்பவர் வைத்திருக்கும் ஒரே விளக்கம், "ஏரியா டெவலப் ஆகுது." ஆகட்டும். ஆன பிறகு வந்து கேட்கிறோம் என்று சொல்லுங்கள். வாடகையையும் டேப்பையும் வைத்து ஒரு தொகை போடுங்கள். முழுவதும் வங்கி மூலம், முழுவதும் பத்திரத்தில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். அடுத்த வீட்டிலும் அதையே சொல்லுங்கள்.

கோட்டையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உண்மை விலையை எழுதுகிறவனுக்குத் தீர்வையைப் பாதியாக்குங்கள். முடியாது, குற்றவாளியாக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம் என்றால், பதிவு அலுவலகச் சுவரில் இருக்கும் லஞ்ச ஒழிப்பு அறிவிப்பையாவது கழற்றிவிடுங்கள்.