சிறுபெட்டி இயல்: காலதிகாரம் முதலியன

மதர்போர்டு, செயலி, கிராபிக்ஸ் கார்டு, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஆகிய உறுப்புகளைத் தன்னுள் அடக்கி, அவற்றைத் தூசியிலிருந்தும் துடைப்பத்திலிருந்தும் காத்து நிற்கும் தகரக் கூடு, பெங்களூரின் சாதர் பத்ரப்பா சாலையில், அதாவது எஸ்.பி. ரோடு என்று ஊரார் சுருக்கி வழங்கும் கணினி உதிரிபாகச் சந்தையில், கேபினெட் எனப்படும். அக்கேபினெட்டுகளுள் 20 லிட்டருக்கு மிகாதவற்றைச் சிறுபெட்டி என்று தனியே பிரித்துப் போற்றுவது இத்துறை ஆர்வலர் பலரின் வழக்கம். லிட்டரால் அளக்கப்படும் பொருளை ஊற்றவேனும் குடிக்கவேனும் இயல வேண்டும் என்னும் பாமரர் கருத்தை இத்துறை பொருட்படுத்துவதில்லை.

ஓர் ஆய்வு, தான் சொல்ல வந்ததைச் சொல்லுமுன் பிறர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் தொகுத்துரைத்தல் வேண்டும் என்பது பல்கலைக்கழக நெறியாதலின், முதற்கண் சான்றாதாரங்களைக் குறிப்பிடுதல் முறை. இவ்வியலுக்கு முதன்மைச் சான்றுகள் மூன்று: பெட்டி அடைத்து வரும் அட்டைப்பெட்டி (இனி, புறப்பெட்டி), அதனுள் நான்காக மடிந்து கிடக்கும் சொற்களற்ற கையேடு, கடைக்காரர் தரும் பில். துணைமைச் சான்றுகள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவற்றை மறுத்தே ஓர் இயல் எழுதியிருக்கலாம். சிறுபெட்டி பற்றிய குறிப்பு தொல்காப்பியத்தில் உண்டா என்னும் வினாவுக்கு விடை காணும் பொறுப்பு, அந்நூலில் அணுவியலையும் வானூர்தியையும் ஏற்கெனவே கண்டெடுத்த பேரறிஞர்களிடம் விடப்படுகிறது. பதவி உயர்வு நெருங்கும்போது அவர்கள் அதனையும் கண்டெடுப்பர்.

பெட்டியின் அளவை முதலில் கட்டுப்படுத்துவது அதனுள் குடியேறும் மதர்போர்டு. இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு 305க்கு 244 மில்லிமீட்டர். 1997இல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244, தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொணர்ந்த மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. பெங்களூரின் மனைப்பிரிவுகளில் வளர்ந்தவர்க்கு இம்மூன்றையும் முறையே 40க்கு 60, 30க்கு 40, 20க்கு 30 சைட் என்று சொல்லிவிட்டால் வேறு விளக்கம் தேவைப்படாது. சிறிய சைட்டில் வீடு கட்டுவோர், சுற்றிலும் காற்றுக்கென விட வேண்டிய இடத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் பின்னர் புழுக்கம் என்று முறையிடுவது போலவே, சிறுபெட்டி கட்டுவோரும் விசிறிக்கு உரிய இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் திணித்துவிட்டு வெப்பநிலையைப் பற்றி வருந்துவர். சைட் சிறுத்தால் விலை குறையும், மதர்போர்டு சிறுத்தால் விலை ஏறும் என்பது மட்டுமே வேறுபாடு. ஏறிய விலைக்குக் கிடைப்பன நினைவகம் செருக இரண்டு இடங்களும் கார்டு செருக ஓரிடமும் ஆகும்.

எஸ்.எம்.பி.எஸ். வகைகளுள் இங்குக் கருதத்தக்கவை இரண்டு. வழக்கமான ஏ.டி.எக்ஸ். வகை 150, 86, 140 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 1.8 லிட்டர், எஸ்.எஃப்.எக்ஸ். என்னும் சிறுவகை 125, 63.5, 100 மில்லிமீட்டர், அதாவது 0.8 லிட்டர். பாதிக்கும் குறைந்த பொருளுக்கு மிகுந்த விலை தருதல் இத்துறையின் அடிப்படைக் கோட்பாடு; அதை மறுப்போர் பெரிய கேபினெட் வாங்கிக்கொள்ளலாம்.

நிறம்: கறுப்பு.

வண்ண விளக்கு: இருட்டில் தெரியும்.

கண்ணாடிப் பலகை: ஒயர்களை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவர்க்கு மட்டும்.

இனி இவ்வியலின் உயிர்நாடியாகிய காலதிகாரம். கூலர் மாஸ்டர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட என்.ஆர்.200 என்னும் பெட்டி, சிறுபெட்டி கட்டப் புகுவோர் பலர்க்கு அரிச்சுவடியாக விளங்குவது. இதற்கு நிறுவனமே இரண்டு அளவுகளைத் தருகிறது. கால் முதலிய துருத்தும் பகுதிகளை நீக்கினால் 360, 185, 274 மில்லிமீட்டர். அவற்றைச் சேர்த்தால் 376, 185, 292. பெருக்கிப் பார்த்தால் முன்னது 18.25 லிட்டர், பின்னது 20.31 லிட்டர். எனவே தன் கால்களில் தானே நிற்கும்போது அது சிறுபெட்டி அன்று. நான்கு கால்களையும் கழற்றி உரிமையாளர் கையில் வைத்துக்கொண்டால் அது சிறுபெட்டி. ஒரு பொருளின் இனம் அதன் உரிமையாளரின் திருப்புளியைப் பொறுத்து மாறுவது ஆய்வுலகைக் கலங்கச் செய்ததில் வியப்பில்லை.

இச்சிக்கலில் இரு மரபுகள் கிளைத்துள்ளன. கால் என்பது பெட்டியைத் தாங்குவதேயன்றிப் பெட்டியாவதன்று, ஆதலின் அளவில் சேராது என்பர் காலொழி மரபினர் (புறப்பெட்டி, இடப்பக்கம்). பெட்டியின் அடித்தளத்தில் காற்றுத் துளைகள் உள்ளன, காலின்றி மேசையில் அமர்ந்தால் அவை அடைபட்டு உள்ளுறுப்புகள் கொதிக்கும், ஆதலின் கால் உறுப்பேயாம், உறுப்பை நீக்கி உடலை அளத்தல் முறையன்று என்பர் காலுறு மரபினர் (கையேடு, இரண்டாம் மடிப்பு, சொல்லற்ற படம், மேல்நோக்கிய அம்புக்குறி). முன்னவருள் ஒரு சாரார், திருகிக் கழற்றத்தக்க கால் சேராது, வார்த்து ஒட்டிய கால் சேரும் என்று பிரித்துரைப்பர், அவருள்ளும் நுண்மாண் நுழைபுலம் மிக்கோர், காலடி ரப்பர் தேய்ந்த பின் அளப்பதே நடுநிலை என்பர் (பில், பின்பக்கம், கார்பன் படி, பேரத்தின்போது மும்முறை அடித்துத் திருத்திய எண்ணுக்குக் கீழுள்ள எண். மஞ்சள் தாளில் இவ்வடி இல்லை, தேநீர்க் கறை படிந்த இளஞ்சிவப்புத் தாளில் மட்டும் உளது, கறையின் வட்டம் தம்ளருடையதா, திருகு டப்பாவினுடையதா என்பதும், திருகு டப்பாவாயின் அது இப்பெட்டிக்குரிய திருகுதானா என்பதும் தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியன).

இரு மரபினரும் எதிர்த்தரப்பின் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்தவர் எழுதியதைப் படித்தவர் காட்டிய மேற்கோளைக் கண்டித்து எழுதியிருக்கின்றனர். இவ்வகையில் அவர்கள் தமிழியல் ஆய்வுலகின் நெடிய மரபுக்கு அயலார் அல்லர்.

இம்முரணைத் தீர்க்கும் வழி நூல்களில் இல்லை, பெங்களூரின் நில அமைப்பில் உண்டு. இந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்தது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையுமாதலின், கடலோரச் சென்னையில் ஏறத்தாழ 1013 ஹெக்டோபாஸ்கலாக உள்ள அழுத்தம் இங்கு 907 என்னும் அளவில் நிற்கும். வெப்பநிலை ஒன்றே எனக் கொண்டால், சென்னையில் ஒரு லிட்டரில் அடங்கும் காற்றுக்குப் பெங்களூரில் 1.117 லிட்டர் இடம் வேண்டும். காலொழித்த 18.25 லிட்டரை இவ்வெண்ணால் பெருக்கினால் 20.38 லிட்டர் வருகிறது. காலுற்ற அளவோ 20.31. அஃதாவது, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக் காலொழித்து அளந்த பெட்டியின் காற்றும், எஸ்.பி. ரோட்டில் வாங்கிக் காலோடு அளந்த அதே பெட்டியின் காற்றும் நிறையில் ஒன்றே. எனவே காலொழி மரபு கடலோரத்துக்கும் காலுறு மரபு தக்காணப் பீடபூமிக்கும் உரியன என்பதும், இரு தரப்பாரும் தத்தம் திணையில் சரியாகவே சொன்னார்கள் என்பதும் நிறுவப்படுகின்றன. எஞ்சும் 0.07 லிட்டர் வேறுபாடு, தர்ஷினி உணவகத்தில் பை-டூ காபி சொன்னால் ஒருவர் பங்குக்கு வரும் அளவினது. கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் அதனைச் சரிசெய்துகொள்ளலாம்.

கால்களுக்கு நடுவே வெட்டவெளியில் கிடக்கும் காற்று எவ்வாறு பெட்டியின் காற்றாகும் என்று வினவுவோர் உளர். கட்டணம் செலுத்திய சில நாட்களில் கட்டுரையைப் பன்னாட்டு ஆய்விதழில் அச்சேற்றித் தரும் பதிப்பாளர்கள் இவ்வினாவை எழுப்ப மாட்டார்கள் என்பதே அதற்கு விடை.

இக்கணக்கினுள் உண்மையிலேயே பயன்படும் செய்தி ஒன்றும் புகுந்துவிட்டது, தவிர்க்க இயலவில்லை. விசிறி தள்ளுவது காற்றின் கன அளவை, வெப்பத்தை ஏற்றிச் செல்வது காற்றின் நிறை. ஆகவே ஒரே வேகத்தில் சுழலும் விசிறி, சென்னையைவிடப் பெங்களூரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்த காற்றையே நகர்த்தும். இங்கு அறை சில டிகிரி குளிர்ந்திருப்பதால் அந்நட்டம் பெரும்பாலும் ஈடாகிவிடும், ஏப்ரல் மாதத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

சடங்கியல் நோக்கிலும் பெட்டியை ஆராய்தல் வேண்டும். ஆயுத பூசையன்று பெங்களூரின் அலுவலகங்களிலும் வீடுகளிலும் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூ வைப்பது வழக்கம். முகப்பு முழுத்தகடாக உள்ள பெட்டியில் சந்தனம் நிலைத்து நிற்கும். காற்றோட்டத்துக்காக வலைக்கண் முகப்பு வைத்த பெட்டியிலோ சந்தனம் கண்களை அடைக்க, குங்குமம் விசிறியால் உறிஞ்சப்பட்டுக் கிராபிக்ஸ் கார்டைச் சென்றடையும். பொறியாளர் வலைக்கண்ணை வலியுறுத்துவதும் வீட்டுப் பெரியவர்கள் தகட்டை விரும்புவதும் இதனாலேயே. காந்தத்தால் ஒட்டும் தூசி வடிகட்டியைக் கழற்றி, அதற்குப் பொட்டு வைத்து, மறுநாள் கழுவி மாட்டுதல் இருவரையும் நிறைவுசெய்யும். வண்டிச் சக்கரத்தடியில் வைப்பதுபோல் பெட்டியின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க எண்ணுவோர்க்கு, 18 மில்லிமீட்டருக்கு மிகாத காலின் உயரம் இடம் தராது.

பெட்டியைக் கொணர்தல் குறித்து: புறப்பெட்டி எப்போதும் பெட்டியினும் பெரியது. சிறுபெட்டியினது ஸ்கூட்டரில் ஓட்டுபவரின் கால்களுக்கு இடையே நிற்கும். நெடும்பெட்டியினது ஆட்டோ கேட்கும். கேபினெட்டில் மிச்சம் பிடித்த இடத்தை, மின்தடைக்கு அஞ்சி அருகில் வைக்கும் யு.பி.எஸ். எடுத்துக்கொள்ளும் என்பதை எந்த அளவைப் பட்டியலும் சொல்வதில்லை.

தேர்வு முறையாவது: முதலில் மேசையை அளக்க, அடுத்துக் கார்டை முடிவு செய்க, இறுதியில் கேபினெட் வாங்குக. வரிசையை மாற்றுவோரே பெரிதும் துன்புறுகின்றனர். என்.ஆர்.200 ஏற்கும் கார்டின் நீளம் 330 மில்லிமீட்டர் வரை. என்விடியா தானே வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் நீளம் 304, தடிமன் 61. கார்டு செருகும் இடம் ஒன்று 20.32 மில்லிமீட்டர் என வகுக்கப்பட்டிருத்தலால் இக்கார்டுக்கு மூன்று இடம் வேண்டும். ஆகவே மதர்போர்டின் முதுகுப்புறத்தே கார்டை வைத்து, ரைசர் என்னும் பட்டைக் கேபிளால் இரண்டையும் இணைக்கும் 7.2 லிட்டர் டான் ஏ4 போன்ற ஈரிடப் பெட்டிகள் இதனை ஏற்கா. செயலியின் மேல் நிற்கும் குளிர்விப்பானின் உயரத்தையும் பார்க்க வேண்டும்: நொக்டுவாவின் என்.எச்.-டி15 165 மில்லிமீட்டர் உயரமுடையது, என்.ஆர்.200 தகட்டுப் பலகையோடு ஏற்பது 155 வரை. அந்தப் பத்து மில்லிமீட்டரைப் பேரம் பேசிக் குறைக்க எஸ்.பி. ரோட்டிலும் இயலாது.

லிட்டர்க் கணக்கு பெருமை பேசுவதற்கு உதவும். பொருத்துவதற்கு நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றுமே உதவும். கால் வழக்கைப் பொறுத்தவரை தீர்ப்பு காலுறு மரபினர்க்கே, ஏனெனில் பெட்டி மேசைமேல் காலோடுதான் நிற்கப்போகிறது. வாங்கச் செல்வோர் அளவு டேப் ஒன்றைக் கையோடு கொண்டு செல்க. சாதர் பத்ரப்பா சாலையின் பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை.