ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

1999இல் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் பஸ்ஸில் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் அண்ணன் பார்ட் பார்ட்டாக விலை பேசி வாங்க, கடைக்காரரே பூட்டிக் கொடுத்த அசெம்பிள்டு சிஸ்டம். செங்கல்பட்டில் காஞ்சிபுரம் பஸ் மாறி, லக்கேஜ் டிக்கெட்டுக்காகக் கண்டக்டரோடு வாதாடி, கேபினெட்டை மடியில் வைத்தபடி பழையசீவரத்தில் வந்து இறங்கினார். மானிட்டர் ஒரு சீட்டையே பிடித்துக்கொண்டதால் அதற்கு முழு டிக்கெட்.

கடையில் ஓடிய பெட்டி வீட்டில் ஓடவில்லை. பாட்டி சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது. மானிட்டர் மட்டும் கும்மிருட்டு. நீளமாக ஒரு பீப், தொடர்ந்து குட்டியாக இரண்டு பீப்.

“அது என்னமோ சொல்லுதுடா” என்றார் பாட்டி.

அன்று அந்த வீட்டில் பேசப்பட்டவற்றில் தொழில்நுட்ப ரீதியாகச் சரியான வாக்கியம் அது ஒன்றுதான். கரண்ட் வந்ததும் போர்டில் இருக்கும் பயாஸ், பிராசசர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, டிஸ்ப்ளே கார்டு இருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். கோளாறைத் திரையில் காட்ட வழியில்லை என்றால் ஸ்பீக்கரில் அடித்துச் சொல்லும். அவார்டு பயாஸ் போர்டுகளில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. நீட்டி நீட்டி விடாமல் அடித்தால் ரேம்.

இதெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியும்? அண்ணன் வாலாஜாபாத் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். “பஸ்லயா கொண்டுபோனீங்க? கார்டு லூஸாயிருக்கும் சார். கழட்டி, அழிரப்பர் போட்டுத் தேச்சு, நல்லா அமுக்கி மாட்டுங்க” என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் எகிறிவிட்டது. கழட்டத்தான் அப்பா விடவில்லை. கொடுத்த காசுக்கு, தெரிந்தவன் வந்து கழட்டட்டும் என்பது அவர் கட்சி.

ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததையும், அதன் வைத்தியர், அறுவை செய்பவர் முதல் மருந்துப் பட்டியல் வரையிலும் அது சொல்லும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் மனிதனுக்கு அன்றே வைத்தியம் இருந்தது. பெட்டிக்குத்தான் வைத்தியன் இல்லை.

வைத்தியன் மாட்டுப் பொங்கலன்று வந்தான். அன்றுதான் காஞ்சிபுரம் வரதர் பார்வேட்டைக்காக எங்கள் ஊர் மலைக்கு எழுந்தருளுவார். அந்தக் கூட்டத்தோடு வந்த மெக்கானிக் பையனை அண்ணன் மடக்கிக் கூட்டிவந்தார். அவன் பேச்சே கொடுக்கவில்லை. கார்டை உருவினான், அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்தான், தூளை ஊதினான், இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்தக் காலத்து ஏ.ஜி.பி. ஸ்லாட்டுகள் பலவற்றில் கார்டைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி கிடையாது. பஸ் குலுக்கலில் ஒரு நூல் எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான். திரையில் ரேம் எண்ணிக்கை ஓடியபோது பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையனுக்கு வடை, பொங்கல், காப்பி, கையில் நூறு ரூபாய்.

அதற்குப் பிறகு மாவட்டமே மாறிப்போனது. 2006இல் நோக்கியாவும் 2007இல் டெல்லும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போனார்கள். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் ரிச்சி தெருதான்.

இப்போது அண்ணன் மகள் தானே ஒரு பெட்டி பூட்டியிருக்கிறாள். பார்ட்ஸ் எல்லாம் கூரியரில் வாசலுக்கே வந்தன. கேபினெட்டின் ஒரு பக்கம் கண்ணாடி. ஃபேன், ரேம் எல்லாவற்றிலும் கலர் லைட். பட்டனை அழுத்தினாள். மலைக்கோயில் சீரியல் செட் தோற்றது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’.

பீப் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. இந்தக் காலத்துக் கேபினெட்டுகள் பலவற்றில் அந்த நாலு ரூபாய் ஸ்பீக்கரையே கொடுப்பதில்லையாம். கலர் லைட்டுக்குக் காசு இருக்கிறது, வாய்க்கு இல்லை. அதற்குப் பதில் போர்டின் ஓரத்தில் கடுகளவு நான்கு விளக்குகள்: பிராசசர், ரேம், டிஸ்ப்ளே, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. ரேம் விளக்கு நின்றது.

நான் அழிரப்பர் எடுத்து வந்தேன்.

“சித்தப்பா, கைய எடுங்க. ட்ரெயினிங் நடக்குது.”

டிடிஆர்5 ரேம் அத்தனை வேகமாம். எந்த வோல்டேஜில், எந்த நொடித்துணுக்கில் சிக்னல் அனுப்பினால் பிசகாமல் போய்ச் சேரும் என்று போர்டு முதல் தடவை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ளுமாம். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ரேம் அதிகமானால் இன்னும் அதிகம். பொறுமை இழந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. விண்டோஸ் 98 ஏறுவதற்குள் காப்பி குடித்து வரலாம் என்று ஒரு காலத்தில் கேலி பேசினோம். அதைவிடப் பல நூறு மடங்கு வேகமான இந்தப் பெட்டியின் முன்னால் குடும்பமே காப்பி குடித்து முடித்து, டம்ளரும் கழுவியாயிற்று.

விளக்கு அணைந்தது. நான்கில் ஒன்றும் எரியவில்லை. மானிட்டரில் அதே ‘நோ சிக்னல்’. அவள் பெட்டியின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கும் தோழிக்கு அனுப்பினாள். மூச்சு விடுவதற்குள் பதில்: கேபிளைக் கீழே மாற்றிச் சொருகு. மானிட்டர் கேபிளை மேலே, போர்டில் இருக்கிற துளையில் சொருகியிருக்கிறாள். அவள் வாங்கியது எஃப் என்று முடியும் பிராசசர்; அதில் கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துளையும் சும்மா. கார்டின் துளைக்கு மாற்றியதும் படம் வந்தது.

யாருக்கும் நூறு ரூபாய் கொடுக்கவில்லை, யாரும் நம் வீட்டு வடையைச் சாப்பிடவும் இல்லை. கோயம்புத்தூர்த் தோழியை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

புதுப்பெட்டி பூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மானிட்டர் கேபிள் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். பிராசசருக்கு மேலே மூலையில் இருக்கும் எட்டு ஊசி பவர் கனெக்டரை மறந்தாலும் ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றும். சந்தேகம் வந்தால் ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுவைத்துப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை, கால் மணி நேரம் ஆகும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். பல போர்டுகளில் ஸ்பீக்கர் ஊசிகள் இன்றும் இருக்கின்றன. ரிச்சி தெருவில் கேட்டால் அந்தக் குட்டி ஸ்பீக்கரும் கிடைக்கும். ஒன்று வாங்கி மாட்டிவையுங்கள்.