இரண்டு கம்பியில் மூன்று ஃபேஸ்: வாங்குவோர் கையேடு

மெஷினை வாங்கிய பிறகுதான் கரண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இதுதான் முதல் விதி. வரிசையை மாற்றினால் இந்தக் கையேட்டுக்கே வேலை இல்லாமல் போய்விடும். கோயமுத்தூரில் யாரோ பட்டறையை மூடுகிறார், ஆறடி லேத் ஒன்று சல்லிசாக வருகிறது என்று காதில் விழுந்ததும் மினி லாரி பிடித்துக் கிளம்புங்கள். பெட் தேய்ந்திருக்கிறதா, சக் ஆட்டம் கொடுக்கிறதா என்று தட்டித் தடவிப் பாருங்கள். மோட்டார் பக்கம் மட்டும் குனியாதீர்கள். வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பிளக்கைத் தேடும்போதுதான் தெரிய வேண்டும்: மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் 415 வோல்ட், உங்கள் சுவரிலோ ஒற்றை ஃபேஸ் 230.

இந்தக் கட்டத்தில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவே கூடாது. உள்ளே மூன்று ஃபியூஸ் கேரியர் இருந்து தொலைத்தால், உங்கள் வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஃபேஸ் போனதும் ஃப்ரிட்ஜ் ஓட ஒரு சுவிட்சைத் திருப்புகிறீர்களே, அது எதற்கு என்று நினைத்தீர்கள்? ஈ.பி.யில் தொழில் இணைப்புக்கு எழுதிக் கொடுப்பதும் இதே ரகம். கூலிக்குக் கடைசல் செய்வதாக இருந்தால் வீட்டு மீட்டரில் ஓட்டக் கூடாது, அந்த இணைப்பைத்தான் கேட்டாக வேண்டும். ஆனால் அது கிடைத்துவிட்டால், ஒற்றை ஃபேஸை மூன்றாக்கும் கன்வெர்ட்டர் எதற்கு? ஆகவே வேண்டாம்.

இனி வைண்டிங் கடை. அண்ணன் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏனுங், ஒரு கண்டென்சரைப் போட்டுட்டா ஓடிப்போகுதுங்க" என்பார். பொய்யில்லை, ஓடும். மூன்று ஃபேஸ் கிடைத்தால் மோட்டாருக்குள் காந்தப்புலம் தானாகவே சுற்றும். ஒற்றை ஃபேஸில் அது முன்னும் பின்னும் ஆடுமே தவிரச் சுற்றாது. மோட்டார் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். மூன்றாவது முனைக்குக் கண்டென்சர் வழியாகக் கொஞ்சம் தள்ளிவரும் கரண்டைக் கொடுத்தால் கிளம்பிவிடும். 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 70 மைக்ரோஃபாரட் என்பது பழைய கணக்கு. சக்தி மூன்றில் இரண்டு பங்குதான் தேறும் என்பதை அண்ணன் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்காதீர்கள்.

அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அந்தக் கண்டென்சர் ஒரே ஒரு லோடுக்குத்தான் பொருந்தும். லோடு இல்லாமல் சும்மா சுற்றும்போது ஒரு காயிலில் மட்டும் கரண்ட் ஏறி, மோட்டார் சூடாகும். லேத்தின் பிழைப்பே சும்மா சுற்றுவதுதான். டூலை மாற்றுவோம், டீ வந்திருக்கும், அடுத்த வேலைக்கு டிராயிங்கை விரித்து வைத்திருப்போம், சக் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். டாங் டெஸ்டரை மூன்று கம்பியிலும் மாட்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று கணக்கு காட்டும். இதில் தமாஷ் என்னவென்றால், ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் புகையாமல் இருக்க சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் என்றே ஒரு சாமான் கடையில் விற்கிறது. நீங்கள் காசு கொடுத்துச் செய்வது அது தடுக்கப் பார்க்கும் அதே காரியத்தை.

அடுத்தது வி.எஃப்.டி., பட்டறை பாஷையில் 'டிரைவ்'. 230 உள்ளே, மூன்று ஃபேஸ் வெளியே, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ். வாங்குங்கள், ஆனால் நேம் பிளேட்டைப் படித்துவிடாதீர்கள். வெளியே வருவதும் 230தான், 415 இல்லை என்ற உண்மை அங்கே ஒளிந்திருக்கிறது. நம் ஊர் மோட்டார்கள் 2 ஹெச்.பி. வரை பெரும்பாலும் ஸ்டாரில் கட்டியவை. டெர்மினல் பாக்ஸில் ஆறு முனையும் வந்திருந்தால் தகடுகளை மாற்றி டெல்டா ஆக்கி 230இல் ஓட்டிவிடலாம். மூன்றே முனை என்றால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் எங்கோ இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க மறுபடி அண்ணன்தான். 3 ஹெச்.பி.க்கு மேலே பெரும்பாலும் 415க்கே டெல்டா, அதற்கு இந்த டிரைவ் ஆகாது.

டிரைவைச் சீக்கிரம் தீர்த்துக்கட்ட நல்ல வழி, லேத்தின் பழைய ஃபார்வேர்டு-ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டு, ஓடும்போது திருப்புவது. அந்த லீவரின் கம்பிகளை டிரைவின் கண்ட்ரோல் முனைகளுக்குக் கொண்டுபோவது ஒரு மதிய வேலை என்பதால் யாரும் செய்வதில்லை. டிரைவின் ஃபேன் வார்ப்பிரும்புத் தூளை உறிஞ்சுகிற இடமாகப் பார்த்து மாட்டினால் இன்னும் விசேஷம்.

கௌரவம் வேண்டுவோருக்கு ரோட்டரி கன்வெர்ட்டர். இதற்கு ரயில்வே பரம்பரையே உண்டு. தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட், அதுவும் ஒற்றை ஃபேஸ். எஞ்சினுக்குள் இருக்கும் புளோயர், கம்ப்ரசர் மோட்டார்களோ த்ரீ ஃபேஸ். அதனால் டபிள்யூ.ஏ.எம்.-4, டபிள்யூ.ஏ.பி.-4 போன்ற எஞ்சின்களில் ஆர்னோ கன்வெர்ட்டர் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பின்னாளில் ரயில்வே அதைக் கழற்றிவிட்டு, சுற்றாத ஸ்டேட்டிக் கன்வெர்ட்டருக்கு மாறத் தொடங்கியது. அதைப் பார்த்து நீங்கள் தளர வேண்டாம். உங்கள் பெரிய மெஷின் 3 ஹெச்.பி. என்றால் 5 ஹெச்.பி. பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மூலையில் வையுங்கள். அது எதையும் இழுக்காது, சும்மா சுற்றி மூன்றாவது ஃபேஸைப் பிறப்பிக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "அந்த மோட்டாரு என்னுங் தம்பி பண்ணுது?" என்பார். "சும்மா சுத்துதுங்கய்யா" என்பதுதான் சரியான பதில். 415 வேண்டுமென்றால் கூடவே ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். ஐந்தாறு மெஷின் உள்ள, ஈ.பி. லைன் வர வழியே இல்லாத பட்டறைக்கு இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஒற்றை லேத்துக்கு இதைக் கட்டுகிறவருக்கு வேறு ஏதோ மனக்குறை.

த்ரீ ஃபேஸ் மோட்டாரைக் கழற்றிவிட்டு 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாட்டி, புல்லி ஓட்டையை மட்டும் கடைந்து சரிசெய்துகொள்ளலாமே என்று மச்சான் கேட்பார். அவரை அடுத்த முறை ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

எதைக் கட்டினாலும் முதல் ஓட்டத்தில் மட்டும் கேலி வேண்டாம். பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். பழைய லேத்களில் சக் மரையில் ஏறி நிற்கும், தலைகீழாகச் சுற்றினால் கழன்று உங்களைத் தேடி வரும். டிரைவோ ரோட்டரியோ என்றால் மெயினை அணைத்து, டிரைவாக இருந்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் போதும். கண்டென்சர் என்றால் அதன் ஒரு காலை மற்ற லைனுக்கு மாற்ற வேண்டும். அதற்குள் அது பொங்கி வெடிக்காமல் இருந்தால்.