கண் திறக்குமட்டும்

கோண்டாவிலில் அம்மம்மாவின் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. ஒட்டினாற்போல் நின்ற குசினிக்குக் கிடுகு. இரண்டு கூரையும் சந்திக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் வழிந்தோட ஒரு தகரப் பீலி பொருத்தியிருந்தார்கள். அந்தப் பீலிக்கு மேலே, ஓட்டுக்கும் கிடுகுக்கும் நடுவே இருந்த மூலையில், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அணில்கள் குடியிருந்தன.

அது யாருக்கும் ஒரு சங்கதியாகவே படவில்லை. கறுத்தக்கொழும்பான் மாங்காயை அரைவாசி கடித்துவிட்டுப் போட்டால் அப்பு திட்டுவார். கொய்யாப் பிஞ்சுகளைப் பழந்துணியில் பொதிந்து கட்டுவார். கல்லெறிந்து கலைப்பதும் உண்டு, நானும் எறிந்திருக்கிறேன். ஆனால் அந்தத் திட்டும் கல்லும் மரத்தோடு நின்றுவிடும். கூரைக்குள் இருக்கிற கூட்டில் யாரும் கைவைத்து நான் பார்த்ததில்லை.

மாரி தொடங்க முன்னர், புரட்டாதி மாதத்தில், குசினி வேய ஆள் வருவார். பழைய கிடுகை இழுத்துப் போடும்போது ஒருமுறை கூடு முழுதாக வெளியே தெரிந்தது. தேங்காய்த் தும்பு, காய்ந்த புல், சாக்கு நூல், அம்மம்மா வெயிலில் காயவைத்த தலையணையிலிருந்து இழுத்த இலவம்பஞ்சு எல்லாம் சேர்ந்த பந்து. உள்ளே இரண்டு குட்டிகள். மயிர் முளைக்காத, கண் திறக்காத, விரல் நீளச் சிவப்புச் சதைகள். வேய வந்தவர் ஏணியில் நின்றபடி கீழே பார்த்தார். அம்மம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உந்த மூலையை விட்டிட்டு மற்றப் பக்கத்தை வேயுங்கோ தம்பி. கண் திறந்தா அதுகள் தன்பாட்டில போகுங்கள்."

அந்த வருடம் குசினியின் ஒரு மூலை பழைய கிடுகோடேயே இருந்தது. முதல் மழைக்கு ஒழுகியது. ஒழுகிய இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டு அம்மம்மா சமைத்தார்.

தொல்காப்பியத்தின் மரபியல், அணிலுக்கு மூன்று வரி என்று அடையாளமும் சொல்லி, அதன் இளையதைக் குட்டி என்று அழைக்கலாம் என்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது இந்த மூவரி அணில்தான். வடஇந்தியாவில் இருப்பதற்கு ஐந்து வரி. அத்தனை நூற்றாண்டுக்கு முன்னரே ஒருவர் நின்று வரியை எண்ணியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் பேச்சுவழக்கு இன்னும் ஒரு படி மேலே போய் அதை அணிற்பிள்ளை என்கிறது. தென்னையையும் கீரியையும் போல அதுவும் வீட்டில் ஒரு பிள்ளை.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்கு அஞ்சி எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நாங்களும் நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லை. அதைப் பற்றி வேறு பலர் எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வருடம் திரும்பிவந்தபோது வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை, ஓட்டில் பாதி இல்லை. முற்றத்தில் முழங்காலளவு புல். அதற்குள் அணில்கள் எங்களைக் கண்டு ஓடாமல் நின்று பார்த்தன.

குறுந்தொகையில் 41ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதை அந்தப் பாட்டு காட்டுகிறது. அதனால் அவரை அணிலாடு முன்றிலார் என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஓர் அழகான பெயராக மட்டும் இருந்தது. 1996இல் எங்கள் முற்றத்தில் நின்றபோதுதான், அந்தப் பெயருக்குள் எவ்வளவு வெறுமை இருக்கிறது என்று விளங்கியது.

சாமி அறை மாடத்துக்குள் ஒரு கூடு இருந்தது. விளக்கு வைக்கிற இடத்திலேயே. அம்மம்மா எட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நிலத்தைக் கூட்டி, மாடத்துக்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் விளக்கைக் கொளுத்தினார். குட்டிகள் வெளியேறும்வரை எங்கள் வீட்டு விளக்கு செங்கல்லின்மேல்தான் எரிந்தது.

இதையெல்லாம் அறிந்தவன்தான் நான். அப்படியிருந்தும் 2011 மார்ச்சில், ஸ்காபரோவில், ஓர் அணிலின் வழியைத் தகரம் வைத்து அடைப்பித்தேன்.

எங்கள் வீட்டு முன்றிலில் ஒரு சில்வர் மேப்பிள் மரம் நிற்கிறது. அதன் ஒரு கொப்பு கூரைக்கு மேல் நீண்டிருந்தது. கனடாவில் கூரைக்கும் அறை முகட்டுக்கும் இடையே ஆள் குனிந்து போகக்கூடிய ஓர் இடைவெளி உண்டு, அட்டிக் என்பார்கள். குளிரைத் தடுக்க அதில் இளஞ்சிவப்புக் கண்ணாடி இழைப் பஞ்சைக் கனமாகப் பரப்பியிருப்பார்கள். அணிலின் கண்ணால் பார்த்தால் அது பெரிய மரப்பொந்து. காற்றில்லை, பருந்தில்லை, கீழிருந்து வீட்டின் சூடு வருகிறது, மெத்தையும் விரித்துக் கிடக்கிறது. ரொறன்ரோவின் சாம்பல் அணில் குளிர்காலத்தில் உறங்கிக் கிடப்பதில்லை. எங்கள் ஊர் அணிலைப் போலப் பல மடங்கு பெரியது, அரைக் கிலோ போல இருக்கும். கன்னங்கரேலென்று திரிவதும் அதே இனம்தான், நிறம் மட்டும் வேறு. கூரையின் விளிம்புப் பலகையில் ஈரம் பட்டு இளகிய ஓரிடம் கிடைத்தால் போதும். முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கடித்தே ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் பெப்ரவரியில் சத்தம் தொடங்கியது. விடியற்காலையில் மகளின் அறைக்கு மேலே யாரோ தேங்காய் உருட்டுவதுபோல. மனைவிக்கு வயரைப் பற்றிய பயம். அது நியாயமான பயம். அட்டிக்கில் மின்கம்பிகள் பஞ்சுக்கு நடுவே போகின்றன, அணில் மேலுறையைக் கடித்து உரித்தால் வீடு பற்றிக்கொள்ளலாம். பின்னர் மின்வேலைக்காரர் வந்து பார்த்தபோது ஒரு சாண் நீளத்துக்குச் செப்புக் கம்பி வெளியே தெரிந்தது. ஊரில் அம்மம்மாவின் கூரைக்குள் வயரே இல்லை. ஒழுகினால் ஒரு சட்டி போதும். அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு அம்மம்மாவின் பெருமையை மட்டும் நான் பேசமுடியாது.

ஓர் ஆளைக் கூப்பிட்டேன். அவர் ஏணி வைத்து ஏறினார். தாய் வெளியே போனதைக் கண்டபின்தான் அடைக்கிறேன், உள்ளே எதுவும் அகப்படாது என்றார். இருபது நிமிடத்தில் தகரம் அறைந்து, காசு வாங்கிக்கொண்டு போனார். உள்ளே குட்டி இருக்குமா என்று அவர் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த இரண்டாவது வசனத்தைத்தான் பல வருடங்களாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சாம்பல் அணில் வருடத்துக்கு இரண்டுமுறை குட்டி போடும். குளிர் முடியும் தறுவாயில் ஒருமுறை, கோடையின் பிற்பகுதியில் இன்னொருமுறை. ஏறக்குறைய 44 நாள் வயிற்றில் சுமக்கும். பிறந்து ஒரு மாதம் போலக் கண் திறக்காது. மார்ச்சில் ஒரு பெண் அணில் கூரைக்குள் போய்வந்தால் அங்கே குட்டி இருக்கிறது என்றே நினைக்கவேண்டும். அந்த ஆளுக்குத் தொழில்முறையில் இது தெரிந்திருக்கவேண்டும். கூட்டைக் கண்ணால் கண்டு வளர்ந்த எனக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

அன்று பின்னேரமே அது தொடங்கியது. தாய் கூரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியது. தகரத்தைச் சுரண்டியது. ஓரத்து அலுமினியத்தைக் கடித்து வளைத்தது, கூரை ஓட்டுத் துண்டுகளைப் பிய்த்துக் கீழே போட்டது. கடைவாயில் இரத்தம். இருட்டியும் போகவில்லை. பகலில் மட்டும் திரிகிற பிராணி, இருட்டில் கூரைமேல் நின்றது.

அம்மா யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோனை, தாய் கூரையைச் சுத்திச் சுத்தி ஓடுது. உள்ளுக்குப் பிள்ளையள் கிடக்குதுகள்."

"விடிய அந்த ஆளைக் கூப்பிடுவம் அம்மா."

"விடியமட்டும் கிடக்குங்களோ?"

வெளியே உறையும் குளிர். மகள் தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மேலே ஏதோ மெல்லக் கீச்சிடுகிறது என்றாள். நான் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, அலுமாரிக்கு மேலே இருந்த சதுரக் கதவைத் தள்ளி ஏறினேன். அட்டிக்கில் மரச் சட்டங்களின்மேல் மட்டும்தான் கால் வைக்கலாம், தவறினால் அறை முகட்டை உடைத்துக்கொண்டு கீழே விழவேண்டியதுதான். டோர்ச் வெளிச்சத்தில் தவழ்ந்து போனேன். விளிம்போரம், பஞ்சைக் குடைந்து, மேப்பிள் இலைகளும் மரப்பட்டை நாரும் வைத்துச் செய்த அதே பந்து. தும்புக்குப் பதில் நார், இலவம்பஞ்சுக்குப் பதில் கண்ணாடி இழை. உள்ளே நான்கு. மூன்று அசைந்தன. ஒன்று குளிர்ந்துபோய்க் கிடந்தது.

மீதி வேலையை நானும் மனைவியும் செய்தோம். உள்ளிருந்து தகரத்தைத் தட்டிக் கழற்றினோம். ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலை வைத்து, அதன்மேல் மூன்று குட்டிகளையும் கூட்டோடு எடுத்துவைத்து, பெட்டியை ஓட்டையருகே நகர்த்திவிட்டு இறங்கினோம். கால்மணி நேரம் ஆகவில்லை, மேலே சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அம்மா அன்று இரவு சாப்பிட்டார். நான் செத்த குட்டியைப் பின்வளவில் புதைக்கப் போனேன். நிலம் உறைந்து கிடந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. பனி இளகும்வரை ஒரு ரின்னுக்குள் வைத்திருக்கவேண்டி வந்தது.

பக்கத்துத் தெரு அண்ணை ஒருவர், பொறி வைத்துப் பிடித்துக் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விடச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார், நல்ல காற்றும் மரமும் கிடைக்குமே என்று. ஒன்ராறியோவின் விதிப்படி பிடித்த காட்டுயிரைப் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விடவேண்டும். தூரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பின்னர் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அமெரிக்காவின் மேரிலாண்டில் புறநகர் அணில்கள் 38ஐப் பிடித்துப் பெரிய காடொன்றில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், 2004இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 88 நாட்களுக்குள் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் செத்தன அல்லது விட்ட இடத்திலிருந்து காணாமற்போயின. மரங்கள் நிறைய இருந்திருக்கும். ஆனால் எந்தப் பொந்து காலி, எந்த மரத்தில் பருந்து, புதைத்த கொட்டை எங்கே என்று எதுவும் தெரியாத இடம். காட்டில் கொண்டுபோய் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்களோடு அதற்குப் பிறகு நான் பொறுமையாகப் பேசியதில்லை.

மின்வேலைக்காரர் கம்பியை மாற்றி, அந்தப் பகுதிக் கம்பிகளை உலோகக் குழாய்க்குள் போட்டுத் தந்தார். வீடு பற்றுகிற பயம் தீர்ந்தது. சத்தம் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டோம். மகள் தன் கட்டிலை இடம் மாற்றவில்லை. ஏப்ரல் கடைசியில் மூன்று சின்ன முகங்கள் ஓட்டையில் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் முதுகில் ஏன் கோடு இல்லை என்று மகள் கேட்டாள். "இராமர் தடவினது எங்கட ஊர் அணிலையெல்லோ" என்றார் அம்மா. வால்மீகியில் இந்தக் கதை இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் அணில்கள் வந்து அணை கட்ட உதவுகின்றன. எங்கிருந்து வந்ததோ, அம்மாவுக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது.

ஜூன் நடுவில், குட்டிகள் பால்குடி மறந்து மரத்தில் ஓடித்திரிந்த பிறகு, வேறொருவரைக் கூப்பிட்டேன். இளம் பெண். முதலில் அட்டிக்கில் ஏறி மூலை மூலையாகப் பார்த்தார். பிறகு ஓட்டையில் ஒருவழிக் கதவைப் பொருத்தினார். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. ஒரு வாரம் கழித்து வந்து அதைக் கழற்றிவிட்டு, அரை அங்குலக் கண்ணுள்ள உருக்கு வலையால் மூடினார். காற்றுத் துவாரங்களுக்கும் வலை போட்டார். கூரைமேல் நீண்ட கொப்பை வெட்டினோம். மேப்பிளின் கவட்டில் நானே ஒரு மரப்பெட்டி செய்து கட்டினேன். முதல் குளிருக்கே அதற்குள் இலை நிறைந்தது.

போன வருடம் கோண்டாவிலுக்குப் போனேன். அம்மம்மாவின் வீட்டு நிலத்தில் மாமா கட்டிய வீடு தட்டைக் கொங்கிறீற்றுக் கூரை, ஒரு விரல் போக இடமில்லை. ஆனாலும் அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஏசியின் வெளிப்பெட்டிக்குள், விசிறிக்குப் பின்னால், தும்பும் பஞ்சும்.

"திருத்திற பெடியன் நாளைக்கு வாறன் எண்டவன். இழுத்து எறியச் சொல்லவே?"

நான் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு. சிவப்பு. முதுகில் மூன்று வரி மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

"எத்தனை நாளைக்கு மாமா ஏசி இல்லாமல் படுப்பியள்?"

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஏசியின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டிவிட்டு, பழைய மேசைக் காற்றாடியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டத் தொடங்கினார்.