சறுக்காதவன் பார்த்த வீடு

பனிச்சறுக்கு மலைக்குப் பக்கத்தில் வீடு வாங்குவதாக இருந்தால், வீடு பார்க்கும் பொறுப்பைக் குடும்பத்தில் சறுக்கத் தெரியாத ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சறுக்கத் தெரிந்தவர்களுக்கு மலை மட்டும்தான் கண்ணில் படும். சமையலறை ஜன்னலில் சிகரம் தெரிந்தால் போதும், அந்தச் சமையலறையில் அடுப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். முன்பணம் கொடுக்கக் கை பரபரக்கும்.

எங்கள் வீட்டில் அந்தத் தகுதி எனக்கு மட்டுமே இருந்தது. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இருக்கிறோம். நான் இங்கே வந்தது லீஹை பக்கத்துக் கணினி வேலைக்காக. கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் இருப்பதை நான் வானிலை அறிக்கையில் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சரி. மனைவியும் பையனும் அப்படி விடவில்லை. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். சனிக்கிழமைகளில் நான் அடிவாரத்து விடுதியில் பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்து, அவர்களுடைய செருப்புக்கும் கைப்பைக்கும் காவல் இருப்பேன். "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, வீடாவது பாருங்களேன்" என்று மனைவி சொன்னதில் ஆரம்பித்தது இது.

2002இல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர் இது. 2034இல் மறுபடியும் இங்கே நடத்த முடிவாகிவிட்டது. எங்கள் ஏஜென்ட் அம்மாள் ஒவ்வொரு வீட்டுக்கும் விலை சொல்வார், நான் மயங்குவேன், அவர் என் காதருகே வந்து "2034" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

முதல் பிரச்சினை, எந்த மலை என்பது. ஊரிலிருந்து இரண்டு கேன்யன்கள் மலைக்குள் போகின்றன. லிட்டில் காட்டன்வுட் கேன்யனில் ஆல்டா, ஸ்னோபேர்ட். பிக் காட்டன்வுட் கேன்யனில் பிரைட்டன், சாலிட்யூட். மலைக்கு அந்தப் பக்கம் பார்க் சிட்டி, டியர் வேலி. இதில் ஆல்டா 1939 முதல் லிஃப்ட் ஓட்டிவரும் பழைய ஸ்தலம். அங்கே காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை கட்டியவர்களுக்குத்தான் அனுமதி, ஒற்றைப் பலகை ஸ்னோபோர்டுக்காரர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். டியர் வேலியிலும் இதே சட்டம். அமெரிக்கா முழுக்க இப்படி மூன்றே மூன்று இடங்கள், மூன்றாவது எங்கோ கிழக்கே வெர்மான்ட்டில் இருக்கிறது. மூன்றில் இரண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து அமைந்தது எங்கள் குடும்ப ஜாதகம். என் மனைவி இரட்டைப் பலகை, பையன் ஒற்றைப் பலகை. வடகலை தென்கலை வழக்காவது யானைக்கு எந்த நாமம் போடுவது என்பதோடு நிற்கும். இங்கே அது எந்தக் கேன்யன் வாசலில் வீடு என்பதுவரை வந்துவிட்டது.

"ஆல்டா பக்கமா பாருங்க. கூட்டம் கம்மி, நிம்மதியா இருக்கும்" என்றாள் மனைவி.

"என்னை உள்ளேயே விடாத மலைக்குப் பக்கத்துல நமக்கு எதுக்குப்பா வீடு?" என்றான் பையன்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் நான் சீசன் பாஸ் பக்கம் பேச்சைத் திருப்பினேன். ஐக்கான் பாஸ் என்றால் காட்டன்வுட் மலைகள் நான்கும் டியர் வேலியும் அதில் வரும். எபிக் பாஸ் என்றால் பார்க் சிட்டி மவுண்டன். இரண்டு பாஸும் வாங்குகிறவருக்கு வங்கி வீட்டுக் கடன் தராது, தரவும் கூடாது. ஆக, சறுக்குகிறவர்கள் முதலில் பாஸ் வாங்கிவிட்டுப் பிறகு அதற்கு ஏற்ற வீடு தேடுகிறார்கள். பட்டுப் புடவை எடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்களை நான் அதுவரை கண்டதில்லை.

வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் போவது பார்க் சிட்டிக்கு. நாங்களும் போனோம். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்க ஊர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி. ஊர் நடுவிலிருந்தே ஒரு லிஃப்ட் மலைக்குக் கிளம்புகிறது. அங்கே இன்னொரு சௌகரியம் உண்டு. ஜனவரியில் எங்கள் பள்ளத்தாக்கில் குளிர்காற்று அடியில் தங்கிவிடும், வெதுவெதுப்பான காற்று அதன்மேல் படுத்துக்கொள்ளும். இன்வெர்ஷன் என்பார்கள். ஊரின் வண்டிப் புகையெல்லாம் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் நம்மோடேயே குடியிருக்கும். அந்த நாட்களில் பார்க் சிட்டிக்காரர்கள் நீல வானத்துக்குக் கீழே நின்றுகொண்டு நம்மைக் குனிந்து பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அப்படிப் பரிதாபப்படும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை.

நாங்கள் பார்த்த தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரும்பாலான வீடுகளில் விளக்கே எரியவில்லை. யூட்டாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடு என்றால் அதன் மதிப்பில் 55 சதவீதத்துக்குத்தான் சொத்து வரி, விடுமுறைக்கு வந்துபோகும் வீடு என்றால் முழு மதிப்புக்கும் வரி. முழு வரியையும் கட்டிவிட்டு வருஷத்தில் சில வாரம் எட்டிப்பார்க்கிறவர்கள் நிறைந்த தெரு அது. தயிருக்கு உறை மோர் கேட்கக்கூட அக்கம்பக்கத்தில் மனித வாடை இல்லை. கோயில் என்றால் சவுத் ஜோர்டனில் இருக்கும் பிள்ளையார் கோயில்தான், அதற்குப் பார்லீஸ் கேன்யன் வழியாகக் கீழே இறங்கிப் பள்ளத்தாக்கின் மறுபக்கம் போக வேண்டும். புயலில் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டால் சங்கடஹர சதுர்த்தி அன்று சங்கடம் மட்டும்தான் மிஞ்சும்.

"அப்ப மலை மேலேயே இருந்துட்டா?" என்றாள் மனைவி. ஆல்டாவில் ஒரு சிறிய வீடு விலைக்கு வந்திருந்தது. நான் விசாரித்தேன். லிட்டில் காட்டன்வுட் சாலையை அறுபதுக்கு மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் குறுக்கே வெட்டுகின்றன. சரிவு தானாக வந்து வண்டிமேல் விழுவதற்கு முன்னால், சாலையை மூடிவிட்டு, வெடி வைத்து அவர்களே அதை இறக்கிவிடுவார்கள். இதற்காகப் பல பத்தாண்டுகள் அங்கே ராணுவப் பீரங்கியே வைத்திருந்தார்கள். ஆபத்து அதிகமானால் இன்டர்லாட்ஜ் என்று ஓர் உத்தரவு வரும். யாரும் கட்டடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது, வைத்தால் சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரியில் இந்த உத்தரவு 60 மணி நேரம் நீடித்தது.

இதையெல்லாம் நான் பயமுறுத்தும் குரலில் படித்துக் காட்டினேன். மனைவியின் முகம் மலர்ந்தது. "உத்தரவை எடுத்ததும் மலை முழுக்க நமக்குத்தானே? கீழேருந்து ஒருத்தரும் வர முடியாதே!"

2022-23 குளிர்காலத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் பனி பெய்தது. எழுபத்தைந்து அடி. அதற்குள்ளே அறுபது மணி நேரம் அடைபட்டிருக்கும்போது புளி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற என் கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லை. சறுக்குகிறவர்கள் புளியைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அடுத்து, கேன்யன் வாசலை ஒட்டிய காட்டன்வுட் ஹைட்ஸ். வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வீட்டிலிருந்து மலைச்சாலை தொடங்கும் இடம் கூப்பிடு தூரம். ஆனால் ராத்திரி புதுப் பனி விழுந்த சனிக்கிழமை காலையில் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கில் பலகை வைத்திருக்கும் அத்தனை பேரும் அந்த இரண்டு கேன்யன் வாசல்களுக்கு வந்து சேர்வார்கள். பிரேக் விளக்குகள் மலை வளைவுகளில் சிவப்பாக நெளியும், ரெட் ஸ்னேக் என்றே அதற்குப் பெயர். அதன் வால் குடியிருப்புத் தெருக்கள்வரை வந்துவிடும். மலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவர் தன் டிரைவ்வேயிலிருந்து வண்டியை வெளியே எடுக்க வழி கேட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அவரை விட எட்டு மைல் தள்ளி இருப்பவர் முன்னாடியே கிளம்பி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து மேட்டு வீடுகளை ஏஜென்ட் அம்மாள் "பெஞ்ச்" என்று பயபக்தியோடு சொல்வார். பனியுகத்து பானவில் ஏரி அலையடித்துச் செதுக்கிவிட்டுப் போன படிகள் அவை. பனி அங்கே கூடுதலாக விழும், காட்சி அபாரமாக இருக்கும். அதே அடிவாரத்தை ஒட்டித்தான் வாசாட்ச் நிலப்பிளவும் ஓடுகிறது என்பதை அவர் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். 2020 மார்ச் 18 அன்று பள்ளத்தாக்கின் மேற்கே மேக்னா அருகில் 5.7 அளவில் பூமி ஆடியதில், ஊர் நடுவே மார்மன் கோயில் உச்சியில் நிற்கும் தேவதூதர் சிலையின் கையிலிருந்து எக்காளமே கீழே விழுந்துவிட்டது. தேவதூதராலேயே கையில் இருப்பதைப் பிடித்துவைக்க முடியவில்லை. முப்பது வருஷக் கடனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இந்தக் கட்டத்தில் திருச்சியிலிருந்து மாமனார் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆல்டாவும் ஒன்றுதான், அரியமங்கலமும் ஒன்றுதான். "மாப்பிள்ளை, எந்த மலைப் பக்கம் வேணும்னாலும் வாங்குங்க. வாசல் கிழக்கு, இல்லேன்னா வடக்கு. தெற்கு மட்டும் வேண்டாம், எமன் திசை."

அவருக்காகவே ஒரு வடக்கு வாசல் வீட்டைப் பார்க்கப் போனோம். ஜனவரி மாதம், பனி பெய்து மூன்று நாள் ஆன ஒரு நண்பகல். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறைய உப்பு, அதற்கு மேல் ஆணியில் காலணி அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பல் சங்கிலி ஒன்று தொங்கியது. ஏஜென்ட் அம்மாள் அதை அவசரமாகக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கூரை விளிம்பில் என் கை நீளத்துக்குப் பனிக்கூம்புகள். பரண் சூட்டில் கூரைப் பனி உருகி, ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டிக்கொள்கிறது, பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்கும். டிரைவ்வேயில் பனி என்று எதுவும் இல்லை, கண்ணாடிதான் இருந்தது. மேலே கொஞ்சம் தூசு படிந்த, சாம்பல் நிறக் கண்ணாடி.

மாமனார் காரிலிருந்து இறங்கி இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியை அவர் வைக்கவில்லை, அதுவாகவே போனது. தபால் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றார். சறுக்கத் தெரிந்த மனைவியும் பையனும் அவருடைய ஸ்டைலைப் பாராட்டினார்கள்.

நான் எதிர்ச்சாரியைக் காட்டினேன். அதே தெரு, அதே பனி. தெற்கு பார்த்த அந்த வீட்டின் டிரைவ்வேயில் சிமென்ட் காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு சிறுவன் ஸ்வெட்டர்கூடப் போடாமல் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். காரணம் எளிது. இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கு வானில் 26 டிகிரிக்கு மேல் ஏறாது. அதே நாளில் திருச்சியில் 55 டிகிரியைத் தாண்டிவிடும். வடக்கு வாசல் வீட்டின் நிழல் அதன் டிரைவ்வே மேலேயே குளிர்காலம் முழுக்கப் படுத்திருக்கும். விழுந்த பனி உருகவே உருகாது, இறுகும்.

மாமனார் தபால் பெட்டியை விடாமலே இந்த விளக்கத்தைக் கேட்டார். எதிர் வீட்டுச் சிறுவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எமன் திசை மாத்திட்டான் மாப்பிள்ளை" என்றார். வண்டியில் திரும்பும்போது அவராகவே சொன்னார்: "தட்சிணாமூர்த்தி தெற்கு பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கார்? குருவுக்கு ஆகும்னா நமக்கு ஆகாதா?" சாஸ்திரம் இவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்று தெரிந்திருந்தால் நான் அவரை முன்பே வரவழைத்திருப்பேன்.

கடைசியில் வாங்கியது சாண்டி பக்கம், கேன்யன் வாசலிலிருந்து சற்று மேற்கே தள்ளி, தெற்கு வாசல். மளிகைக் கடை, பள்ளிக்கூடம், பிள்ளையார் மூவரும் எட்டும் தூரம். நிலப்பிளவு வரைபடத்தையும் பார்த்தாயிற்று. ஆல்டாவுக்கும் பிரைட்டனுக்கும் ஏறத்தாழப் பொதுவான இடம் என்பதால் இரண்டு கலையாருக்கும் சம மரியாதை. இங்கேயும் ஒன்றுக்கு மட்டும் பரிகாரம் கிடையாது. டிரைவ்வேயை முதுகு ஒடியச் சுத்தம் செய்து, மண்வெட்டியைச் சாத்திவிட்டு நிமிரும் அதே நொடியில் பனி தள்ளும் வண்டி வந்து, தெருப் பனி முழுவதையும் நம் வாசலில் வரப்பாகக் கட்டிவிட்டுப் போகும். ஓட்டுநர் கையசைப்பார். நாமும் அசைக்க வேண்டும்.

பனிமலை ஊரில் வீடு தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள், அப்போது எல்லா வாசலும் நல்ல வாசலாகத்தான் தெரியும். ஜனவரியில், பனி பெய்து இரண்டு நாள் கழித்து, நண்பகலில் போங்கள். எந்தச் சாரியில் சிமென்ட் காய்ந்திருக்கிறதோ அந்தச் சாரியில் விலை கேளுங்கள். புதுப் பனி விழுந்த சனிக்கிழமை விடிகாலையில் தெருமுனையில் நின்று, உங்கள் வண்டி வெளியேற இடம் இருக்குமா என்று பாருங்கள். கதவோரம் உப்பு வாளி இருக்கிறதா, ஏஜென்ட் எதையாவது பையில் போட்டுக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். ஜன்னலில் மலை தெரிகிறதா என்று மட்டும் பார்க்கவே வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் அது எல்லா வீட்டிலிருந்தும் தெரியும், வாடகை வீட்டிலிருந்தும்கூட.