லாஸ்ட்டுக்கு ஏத்த காலு

ஜி.டி.ஏ. 6 வீடியோ கேம் நம் வீட்டுப் பெட்டியில் வராதாம். சிங்கப்பூர் மச்சான், கோடாலித் தைலத்துக்கும் பால் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் பனியனில் சுற்றிக் கொண்டுவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் அது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கு மட்டும்தான் அறிவித்திருக்கிறார்கள். அதுவும் 2025 என்றார்கள், 2026 மே என்றார்கள், இப்போது நவம்பர் 19 என்கிறார்கள். காலேஜ் படிக்கிற பையன் நேற்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "ஏம்ப்பா, நம்மளுதுக்கு மட்டும் ஏன் வரல?"

காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷன் பார்த்தவன். ஜோலார்பேட்டையிலிருந்து விடிகாலையில் கம்பெனி வண்டி பிடித்த ஆள். எங்களுக்கு எதை விளக்குவதென்றாலும் லாஸ்ட்டில்தான் ஆரம்பிக்க வரும். லாஸ்ட் என்றால் கால் வடிவ அச்சு. தைத்த அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, அதன்மேல் போட்டு, மெஷின் இடுக்கி தோலை இழுத்துப் படிய வைக்கும். சோல் ஒட்டி முடிகிறவரை ஷூ அதிலிருந்து இறங்காது. ஐரோப்பாக்காரன் லாஸ்ட் ஒடிசல். நம்ம ஊர்க் கால் முன்பக்கம் அகலம். அதே டிசைனை நம் காலுக்குப் போட வேண்டுமென்றால் லாஸ்ட்டை மாற்ற வேண்டும். லாஸ்ட் மாறினால் பேட்டர்ன் மாறும். பேட்டர்ன் மாறினால் கட்டிங் டை மாறும். டை மாறினால் தோல் கணக்கு மாறும். தோல் கணக்கு மாறினால் மேனேஜர் முகம் மாறும். கேமை இன்னொரு பெட்டிக்கு மாற்றுவதும் இதே கூத்துதான். மாற்றாமல் இழுத்தால் மூக்குப் பக்கம் பிளந்துவிடும். சைபர்பங்க் 2077-ஐப் பழைய பிளேஸ்டேஷன் 4-க்கு அப்படித்தான் இழுத்தார்கள். 2020 டிசம்பரில் வந்த வேகத்தில் சோனியே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டோ லாஸ்டிங் மெஷினில் சூடு பத்தாமல் இழுத்த அப்பர் எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழும். அதை விரலால் தடவினாலே தெரிந்துவிடும். அப்புறம்...

பையன் எழுந்து கை கழுவப் போய்விட்டான். இந்த வீட்டில் லாஸ்ட் என்று ஆரம்பித்தாலே ஆளுக்கொரு அவசர வேலை வந்துவிடுகிறது.

அடுப்படி வாசல்வரை போய் மிச்சத்தைச் சொன்னேன். ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் ஆறு பாகமும் நிண்டெண்டோ பெட்டியில்தான் வந்தன. நிண்டெண்டோ 64-லும் கேசட்டை விடமாட்டேன் என்றார்கள். ஏழாம் பாகத்துக்கு மூன்று சி.டி. தேவைப்பட்டது. 1997-இல் அது சோனி பக்கம் போய்விட்டது. "அப்ப கம்ப்யூட்டர்லயாவது ஆடலாமா?" என்றான். கம்ப்யூட்டர்காரன் பாடு அதைவிட மோசம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் என்ற குதிரை ஓட்டும் கேம் 2010-இல் வந்தது. கம்ப்யூட்டருக்கு 2024 அக்டோபரில் வந்தது. பத்தாவது படிக்கும்போது காத்திருக்க ஆரம்பித்தவன் இப்போது ஹோம் லோன் கட்டிக்கொண்டிருப்பான். அவன் குதிரை ஓட்டவா போகிறான்?

எனக்கு எரிகிற இடம் வேறு. புனேயில் நாடிங் ஹெட்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி, 'ராஜி' என்று ஒரு கேம் செய்தது. துர்கை அருளோடு அசுரனை எதிர்க்கிற பெண்ணின் கதை; கோட்டையும் கோயிலுமாக அப்பட்டமான நம்ம ஊர்ச் சரக்கு. 2020 ஆகஸ்டில் முதலில் எந்தப் பெட்டியில் விட்டார்கள் தெரியுமா? ஸ்விட்ச்சில். நிண்டெண்டோ அந்த ஸ்விட்ச்சை இந்தியாவில் முறைப்படி கடை போட்டு விற்றதே கிடையாது. மற்றப் பெட்டிகளுக்கு அக்டோபர்வரை காத்திருங்கள் என்றார்கள்.

ஆம்பூரில் தைத்த ஷூவை ஜெர்மனிக்காரன் மாட்டிக்கொண்டு நடப்பதை இத்தனை வருஷம் வாய் மூடிப் பார்த்தவன்தான் நான். துர்கையையுமா?

இதில் ஏன் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமாம். புனேவுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறேன், பையனே போய்க் கேட்டுக்கொண்டு வரட்டும்.